துபாய் வேலைக்குக் கிளம்புகிறவர்களே, படுக்க இடம் எங்கே என்று முதலில் கேளுங்கள்

சேலம் ஐந்து ரோடு, புதிய பேருந்து நிலையம் பக்கம் ‘துபாய் வேலை, ரூம் சாப்பாடு இலவசம்’ என்று துண்டுப் பிரசுரம் கொடுக்கிறார்கள். அதை நம்பிப் பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். என் தம்பியை அப்படி ஓர் அலுவலகம் அனுப்பி வைத்து ஏமாற்றியது. கட்டிய பணத்தில் பெரும்பகுதி இன்னும் திரும்பவில்லை. புகார் விசாரணையில் இருப்பதால் அலுவலகத்தின் பெயரை எழுதவில்லை. பெயர்ப் பலகையை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், ஏமாற்றும் முறையைத் தெரிந்துகொள்வதே உங்களுக்கு அதிகம் உதவும்.

எங்கள் வீடு சிவதாபுரம் பக்கம். கொலுசு வேலை செய்யும் குடும்பம். வெள்ளி விலை ஏற ஏறப் பட்டறைகளில் வேலை குறைந்துகொண்டே வருவது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தம்பி ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவன். நல்ல வேலைக்காரன். அவனைப் போன்ற பிள்ளைகளைப் பேராசைக்காரர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அம்மாவின் மருந்துச் செலவும் வீட்டுக் கடனும் கண்முன் நிற்கும்போது வெளிநாட்டை நினைப்பதில் என்ன தவறு இருக்கிறது?

அலுவலகத்தில் சொன்னது இது: ஏ.சி. டெக்னீஷியன் வேலை, மாதம் 1,800 திர்ஹாம் சம்பளம், இரண்டு வருட விசா. விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் சேர்த்து 1,40,000 ரூபாய். அதற்கு மேல் ‘ரூம் அட்வான்ஸ்’ என்று தனியாக 15,000 ரூபாய். கம்பெனி எது, சம்பளம் எந்தத் தேதியில், ஓவர்டைம் உண்டா என்று தம்பி கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கம்பெனியின் உரிமத்தின் நகலைக்கூடக் காட்டினார்கள். தங்குமிடத்தைப் பற்றி நான் கேட்டபோது மட்டும் போனில் ஒரு படம் காட்டினார்கள். வெள்ளைச் சுவர், நான்கு கட்டில், ஒரு ஏ.சி. “நான்கு பேர்தான் அம்மா. கம்பெனி வண்டியே வந்து ஏற்றிக்கொண்டு போகும். நீங்கள் எதற்கும் கவலைப்பட வேண்டாம்” என்றார் அங்கே இருந்தவர். முகவரி கேட்டேன். “இறங்கியதும் நம் ஆள் வந்து கூட்டிப் போவார்” என்றார். அம்மாவின் சங்கிலி கூட்டுறவு வங்கிக்குப் போயிற்று.

பயணத்துக்குச் சற்று முன்னால்தான் விசா கைக்கு வந்தது. அது வேலைக்கான விசா இல்லை. 60 நாள் விசிட் விசா. கேட்டால், “எல்லாருக்கும் இப்படித்தான், போனதும் கம்பெனி மாற்றிக் கொடுத்துவிடும்” என்றார்கள். டிக்கெட் போட்டாகிவிட்டது, பணத்தைத் திருப்பித் தர முடியாது என்றும் சொன்னார்கள். ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஏற்றிவிட்டோம்.

துபாயில் அவனை அழைத்துப்போன ஆள், விசா மாற்றுவதற்கு என்று சொல்லி விமான நிலைய வாசலிலேயே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டான். கொண்டுபோய் விட்ட இடம் துபாயின் தேரா பகுதியில் ஒரு பழைய கட்டடம். இரண்டு படுக்கையறை கொண்ட வீடு. கூடத்தையும் அறைகளையும் ஒட்டுப்பலகையால் தடுத்துத் தடுத்துச் சின்னச் சின்னப் பெட்டிகளாக்கி, ஒவ்வொன்றிலும் அடுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். சன்னல் ஒரே ஒரு தடுப்பின் பங்குக்குப் போய்விட்டது. மற்றவர்களுக்குக் காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. ஒரே கழிவறை. சமையலறை மேடைக்குக் கீழேயும் ஒருவர் பாய் விரித்திருந்தார். கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஆள் தூங்குகிற வீட்டில் இரவில் ஒரு பொறி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு உடல் நடுங்குகிறது.

அந்த ஊரில் இதற்குப் பெட் ஸ்பேஸ் என்று பெயர். கட்டில் அளவு இடத்துக்குத்தான் வாடகை. ஒழுங்காக நடத்தப்படுகிற இடங்களும் இருக்கின்றன. சம்பளம் குறைவாக இருக்கிற ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதுதான் வழி. ஆனால் இந்த வீட்டை நடத்தியவன் தம்பியிடம் முதல் இரவே 700 திர்ஹாம் மாத வாடகையும் இன்னொரு 700 முன்பணமும் கேட்டான். சேலத்தில் 15,000 ரூபாய் கட்டிய கதையைச் சொன்னபோது, “உங்கள் ஊர்க்காரர் எனக்கு ஒரு திர்ஹாம்கூட அனுப்பவில்லை” என்று கையை விரித்துவிட்டான்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். படுக்க இடம் கொடுத்தவனே அவனைப் பிடித்து வைத்துக்கொண்டான். உரிமத்தில் இருந்த கம்பெனி தம்பியைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. வாடகைக்குப் பணம் இல்லை என்றதும், ‘வேலை வரும் வரைக்கும்’ என்று வேறு ஒரு பராமரிப்பு ஒப்பந்தக்காரரிடம் அவனை அனுப்பினான். கூலி தம்பியின் கைக்கு வரவில்லை. கட்டிலுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போயிற்று என்று கணக்குச் சொன்னார்கள். விசிட் விசாவில் வேலை செய்வது அமீரகத்தில் சட்டப்படி குற்றம். அதை அவர்களே அவனிடம் சொல்லி மிரட்டினார்கள்: போலீஸுக்குப் போனால் முதலில் மாட்டிக்கொள்கிறவன் நீதான் என்று. பாஸ்போர்ட் கையில் இல்லை, வெளியே போனால் படுக்க இடம் இல்லை, விசா முடிந்தால் ஒவ்வொரு நாளும் 50 திர்ஹாம் அபராதம். வீட்டுக்குப் பேசும்போது “நன்றாக இருக்கிறேன் அக்கா” என்று மட்டும் சொல்வான். பின்னால் யாரோ நிற்பது அவன் குரலிலேயே தெரிந்தது.

துபாய் மாநகராட்சி இந்த ஒட்டுப்பலகைத் தடுப்புகளை அனுமதிப்பதில்லை. 2025 ஜூன் மாதம் ரிக்கா, முரக்கபாத், சத்வா, ராஃபா, பர்ஷா போன்ற பகுதிகளில் பெரிய அளவில் நடவடிக்கை எடுத்தார்கள். தம்பி இருந்த கட்டடத்துக்கும் ஆய்வுக்கு வருவதாகப் பேச்சு எழுந்தவுடன், நடத்தியவன் எல்லாரையும் பெட்டி படுக்கையோடு இரவில் வெளியே அனுப்பிவிட்டுப் போனை அணைத்துவிட்டான். வாடகை கட்டியவர்களுக்கும் அதே கதிதான். எந்த ஒப்பந்தத்திலும் யார் பெயரும் இல்லாததால் கேட்பதற்கு யாருக்கும் உரிமை இல்லாமல் போயிற்று. ஆத்தூர்க்காரர் ஒருவர், முன்பின் தெரியாதவர், தன் அறையில் தம்பிக்கு இடம் கொடுத்தார். அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். இந்தியத் தூதரகத்தின் உதவி மையத்துக்குத் தம்பியைக் கூட்டிப் போனவரும் அவர்தான். அங்கிருந்து பேசிய பிறகு, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்தவன் தானே கொண்டுவந்து கொடுத்தான். விசா முடிவதற்குள் தம்பி ஊர் வந்து சேர்ந்தான். டிக்கெட்டுக்கு மறுபடியும் கடன்.

ஐந்து ரோட்டு அலுவலகத்தில் கேட்கப் போனபோதுதான் அவர்கள் கொடுத்திருந்த ரசீதின் அர்த்தம் விளங்கியது. அதில் வேலை என்ற சொல்லே இல்லை. ‘பயண ஆலோசனைக் கட்டணம்’ என்று மட்டும் இருந்தது, அதுவும் 20,000 ரூபாய்க்கு. மீதிப் பணத்துக்கும் ரூம் அட்வான்ஸுக்கும் வெள்ளைத் தாளில் தொகையும் ஒரு கிறுக்கல் கையெழுத்தும்தான். “நாங்கள் விசாவும் டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தோம், உங்கள் தம்பி சுற்றிப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்” என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். அழைத்து விசாரித்த பிறகு 50,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தார்கள். மீதிக்கு விசாரணை நடக்கிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெறாத யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கக் கூடாது. இந்த அலுவலகம் பதிவு பெற்றதே இல்லை. பதிவு பெற்றவர்களே ஒருவரிடம் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும்தான், மொத்தம் 35,400. அமீரகச் சட்டமோ, ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கவே கூடாது, முதலாளிதான் ஏற்க வேண்டும் என்கிறது. நம் ஊர் அலுவலகங்கள் லட்சக்கணக்கில் கேட்கும்போது இந்தத் தொகைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். “உன்னுடையது இ.சி.என்.ஆர். (குடிபெயர்வு அனுமதி தேவைப்படாத) பாஸ்போர்ட், அரசாங்கத்தைக் கேட்கவே தேவையில்லை” என்றும் சொல்வார்கள். பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்பது உண்மை. அதற்காக ஆள் சேர்க்கும் அலுவலகத்துக்குப் பதிவு தேவையில்லை என்று ஆகாது. அமைச்சகத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் இருக்கிறது. பெயரைப் போட்டுத் தேடலாம். பதிவு எண்ணை அலுவலகத்திலும் விளம்பரத்திலும் தெரியும்படி போட்டிருக்க வேண்டும். கிளை, துணை முகவர் என்று சொல்லிக்கொள்கிறவர்களிடம் எண் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலைக் கடிதத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தி சொல்ல வேண்டும். அமீரக மனிதவள அமைச்சகத்தின் வேலை வாய்ப்புக் கடிதம் அரபு, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரிகிற மொழியிலும் இருக்க வேண்டும் என்பது விதி. அவர்கள் வெளியிட்டிருக்கிற மொழிகளில் தமிழும் இருக்கிறது. எனவே “ஆங்கிலத்தில்தான் வரும், நாங்கள் படித்துச் சொல்கிறோம்” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தமிழில் கேளுங்கள். கம்பெனி தன் லெட்டர்பேடில் அடித்துக் கொடுக்கிற தாள் அந்தக் கடிதம் ஆகாது.

தங்குமிடத்துக்கு வருகிறேன். முதலாளி தகுந்த தங்குமிடம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வாடகைக்குப் பணம் கொடுக்க வேண்டும், அல்லது சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று அமீரகத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கிற கம்பெனி, 1,500 திர்ஹாமுக்குக் குறைந்த சம்பளக்காரர்களுக்குத் தங்குமிடம் கொடுத்தே ஆக வேண்டும். அந்த மூன்றில் உங்களுக்கு எது என்பது கடிதத்தில் எழுத்தில் இருக்கட்டும். வாடகைப் பணம் என்றால் எவ்வளவு என்று இருக்கட்டும். ‘ரூம் அட்வான்ஸ்’ என்று சேலத்தில் இருக்கிற யாரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கம்பெனி ரூமுக்கு உங்களிடம் அட்வான்ஸ் வாங்க எந்தக் காரணமும் கிடையாது.

நீங்களே இடம் பார்த்துக்கொள்வதாக இருந்தால், கட்டடத்தின் பெயரையும் வீட்டு எண்ணையும் கிளம்புவதற்கு முன்பே வாங்கி, அங்கே இருக்கிற ஊர்க்காரர் ஒருவரை நேரில் போய்ப் பார்த்து வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். துபாயில் வாடகை ஒப்பந்தங்களை எஜாரி என்ற அரசுப் பதிவில் ஏற்றுவார்கள். கூடத் தங்குகிறவர்களின் பெயர்களையும் அதில் சேர்க்க வேண்டும் என்று 2022இல் நிலத்துறை உத்தரவிட்டது. வாடகை வாங்குகிறவன் பெயர் எஜாரியில் இருக்கிறதா, உங்கள் பெயரைச் சேர்ப்பானா என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு அவன் முகம் கோணினால் வேறு இடம் பாருங்கள். ஒருவருக்குக் குறைந்தது ஐந்து சதுர மீட்டர் இடம் வேண்டும் என்பதும் விதி. அதாவது உங்கள் கட்டிலும், அதைச் சுற்றி நடக்கவும் பெட்டி வைக்கவும் இடமும்.

பாஸ்போர்ட்டைக் கம்பெனிக்காரர்கூடப் பிடித்து வைக்கக் கூடாது. விசா எடுப்பதற்காகக் கேட்டாலும், பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். அதன் படமும் விசாவின் படமும் வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும்.

அங்கே ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால்: துபாயில் உள்ள இந்திய அரசின் உதவி மையமான பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவின் கட்டணமில்லா எண் 800 46342. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கு ஊரிலிருந்து குடும்பத்தினர் பேச 1800 309 3793. தம்பி பயந்தது போல நீங்களும் பயந்து நாளைக் கடத்தாதீர்கள். விசா நாள் மிச்சம் இருக்கும்போதே பேசினால் வழி பிறக்கிறது.

சேலத்தில் ‘பயண ஆலோசனைக் கட்டணம்’ என்று போட்ட ரசீது உங்கள் வீட்டில் இருந்தால் அதைக் கிழித்துவிடாதீர்கள். ரசீது, பணம் அனுப்பிய வங்கிக் கணக்கின் நகல், அவர்கள் பேசிய வாட்ஸ்அப் செய்திகள், விசிட் விசாவின் நகல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஆணையர் அலுவலகத்தில் உங்கள் பெயரில் தனியாகப் புகார் கொடுங்கள். எங்கள் புகாரை விசாரிக்கிற அதிகாரி ஒவ்வொரு முறையும் கேட்பது, இவர்களிடம் ஏமாந்த வேறு யாராவது எழுதிக் கொடுக்கத் தயாராக இருக்கிறார்களா என்பதுதான்.