தண்ணீர் பாட்டில் மேஜையில்தான் இருந்தது: ஒரு முதியோர் இல்லத்தின் ரிவ்யூ

கோவைக்கு வெளியே இருக்கிறது. மாதம் 32,000 ரூபாய், டயபர், மருந்து, ஏசி எல்லாம் தனி, டெபாசிட் இரண்டு லட்சம். அம்மாவுக்கு வயது 81, பக்கவாதம் வந்த பிறகு வலது கை தூக்க வராது, பேச்சும் குழறும். அக்டோபரில் சேர்த்தோம், ஏப்ரலில் ஆம்புலன்ஸில் அழைத்து வந்தோம். பெயரைப் போடவில்லை, டெபாசிட்டுக்காகத் தம்பி இன்னும் அவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறான்.

நல்லது இல்லாமல் இல்லை. அறை சுத்தம், கட்டில் தலைப்பக்கம் தூக்குகிற வகை, மாடிக்கு லிஃப்ட் உண்டு. சாப்பாடு நானே இரண்டு முறை உட்கார்ந்து சாப்பிட்டேன், அரிசிம்பருப்பு சாதம் வீட்டில் செய்வது போலவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனால் அம்மாவுக்குத் தலைவாரி, பவுடர் போட்டு, வெளுத்த நைட்டியில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள். ஐந்து மாதம் நான் ஞாயிறு மட்டும்தான் போனேன். அது என் தப்பு.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை அந்தப் பக்கம் வேலை இருந்ததால் மத்தியானம் நாலு மணிக்குச் சொல்லாமல் நுழைந்தேன். ஒரு லிட்டர் பாட்டில் நிறையத் தண்ணீரோடு மேஜையில் இருந்தது, மேஜை கட்டிலின் வலது பக்கம், அம்மாவுக்கு வராத கையின் பக்கம், அதுவும் எட்டாத தூரத்தில். மூடி திருகுகிற மூடி, அதைத் திறக்க எனக்கே கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது. கட்டில் கம்பியில் எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனது என்று எழுதுகிற சார்ட் தொங்கியது. காலை எட்டு மணிக்கு 200 மில்லி, பத்துக்கு 200, பன்னிரண்டுக்கு 200 என்று ஒரே பேனாவில் ஒரே கையெழுத்து, சாயங்காலம் ஆறு மணிக்கும் இரவு எட்டுக்கும்கூட 200 மில்லி குடித்திருந்தார். அப்போது மணி நாலு என்று சொன்னேன் இல்லையா.

அன்றைக்கு பாட்டிலில் மார்க்கரால் ஒரு சின்னக் கோடு போட்டு, மேஜையை இடது பக்கம் மாற்றிவிட்டு வந்தேன். ஞாயிறு போனபோது மேஜை பழையபடி வலது பக்கம், தண்ணீர் கோட்டிலேயே நின்றது.

அங்கே ஒரு ஆயா இருந்தார், உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். "அம்மாவுக்கு டம்ளர் புடிக்க வரலைங்க, ஸ்பூன்ல குடுத்தா குடிக்கிறாங்க, ஆனா ஒரு டம்ளர் குடுக்கவே இருவது நிமிசம் ஆகுதுங்க, நான் பன்னண்டு பேரைப் பாக்கோணும்." கணக்குப் போட்டுப் பாருங்கள், பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் என்றால்கூட நாலு மணி நேரம். ராத்திரியில் 26 பேருக்கு இரண்டே பேர். இதில் அந்த ஆயாவை நான் என்னவென்று குறை சொல்வது?

இன்னொன்றும் அவர் மெதுவாகத்தான் சொன்னார். தண்ணீர் அதிகம் கொடுத்தால் டயபர் அடிக்கடி மாற்ற வேண்டும், அதனால் மூன்று மணிக்கு மேல் யாருக்கும் குடிக்கக் கொடுக்க வேண்டாம் என்று மேலே சொல்லிவிட்டார்களாம். அம்மாவே "வேண்டாம், வேண்டாம்" என்று வாயை மூடிக்கொள்வாராம். பின்னே, நனைந்தால் முகம் சுளிக்கிறார்கள் என்று தெரிந்தால் யார் குடிப்பார்கள்? வயதானால் தாக உணர்வே மங்கிவிடும், சிறுநீரகமும் தண்ணீரைப் பிடித்து வைக்க முன்போல வேலை செய்யாது, அம்மா பிரஷருக்கு நீர் பிரிக்கிற மாத்திரை வேறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவும் சேர்ந்தவரிடம் போய் "தாகமா இருக்கா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றால் நகர்ந்துவிடுவதைக் கவனிப்பு என்று எப்படிச் சொல்வது?

நான் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். மேனேஜரிடம் பேசினேன், "இனிமே நானே பாத்துக்கிறேங்க மேடம்" என்றார், நம்பினேன். ஏப்ரல் இரண்டாவது வாரம் போன் வந்தது, "அம்மா ரெண்டு நாளா அசந்து தூங்கறாங்க, வெயில்ல அப்படித்தான் இருக்கும்" என்று. போய்ப் பார்த்தால் அது தூக்கமே இல்லை. நாக்கு காய்ந்து மரக்கட்டை போல, என்னைப் பார்த்து, எப்போதோ செத்துப்போன பெரியம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். முதுகுக்குக் கீழே படுக்கைப்புண் ஆரம்பித்திருந்தது. உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்க நர்ஸ் கைத்தோலைக் கிள்ளிக் காட்டி "சரியாத்தான் இருக்கு" என்றார். பிறகு மருத்துவமனையில் டாக்டர் சொன்னார், இந்த வயதில் தோல் எப்படியும் தளர்ந்துதான் இருக்கும், கிள்ளிப் பார்த்தோ சிறுநீர் நிறத்தைப் பார்த்தோ முடிவுக்கு வர முடியாது, ரத்தம்தான் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று. எடுத்தார்கள். சோடியம், அதாவது ரத்தத்தில் இருக்கிற உப்பு, 158, இருக்க வேண்டியது 135 முதல் 145; தண்ணீர் வற்றினால் அது ஏறிவிடும். சிறுநீர்த் தொற்றும் இருந்தது. சோடியத்தைச் சட்டென்று இறக்கினால் மூளை வீங்கிவிடுமாம், அதனால் சொட்டுச் சொட்டாக நாலு நாள் இழுத்தது. மூன்றாம் நாள் காலையில்தான் என் பெயரைச் சொன்னார்.

இந்த மாதிரி இடம் தேடுகிறவர்கள் சாப்பாட்டு மெனுவைப் பிறகு பாருங்கள். முதலில், தானாகக் குடிக்க முடியாதவர்களுக்கு யார் ஊட்டுகிறார்கள், ஒரு ஆளுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். வயதான பெண்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர் பானங்கள் கொடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் ஒன்று சொல்கிறது, மோர், காபி எல்லாம் அதில் சேர்த்திதான் (இதயம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டாக்டர் சொல்கிற அளவு வேறு). வார நாளில், மத்தியானத்தில், சொல்லாமல் போங்கள். ஏதாவது தப்பாகத் தெரிந்தால் என்னைப் போல மேனேஜரை நம்பிக் காத்திருக்காமல், முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது, அழையுங்கள்.

அம்மா இப்போது வீட்டில். ஸ்பூனில்தான் தண்ணீர், ஆயா சொன்ன அதே இருபது நிமிடம் எனக்கும் ஆகிறது.

அப்புறம் அந்த இல்லத்தின் கடைசி பில் வந்தது. டயபர் ஒரு நாளைக்கு ஐந்து வீதம் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு சிறுநீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.