பிராந்திக்கடைய ஊரவிட்டுத் தூக்க எது லாயக்கு: கிராம சபையா, கோர்ட்டா, கலெக்டர் மனுவா?

பக்கத்து ஊர் மாப்ள போன வாரம் போன் போட்டான். "மாமா, உங்க ஊர் பிராந்திக்கடைய எப்படித் தூக்குனீங்க, எங்களுக்கும் சொல்லும்"னான். போன்ல சொன்னா பாதிய மறந்துருவான், அதான் எழுதிப் போடுதேன். வேற ஊர்க்காரங்களுக்கும் தேவப்பட்டா எடுத்துக்கோங்க.

எங்க ஊரு நாங்குநேரி பக்கம், நாலுவழிச்சாலையில இருந்து ஒண்ணர கிலோமீட்டர் உள்ள. 2016 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு ஹைவேல இருந்து 500 மீட்டருக்குள்ள மதுக்கடை கூடாதுன்னு சொல்லிச்சு, 2017 மார்ச் கடைசில 20,000 ஜனத்தொகைக்குள்ள இருக்க ஊருன்னா 220 மீட்டர்னு மாத்துனாங்க, ஏப்ரல் பொறக்கவும் தமிழ்நாடு பூரா மூவாயிரத்துக்கு மேல கடை மூடுச்சு. நாங்களும் சந்தோசப்பட்டோம். மூடுன கடை காத்துலயா கரையும்? நாலுவழிச்சாலையில ஊருக்குப் பிரியுற விலக்குல கெடந்த கடை நேரா ஊருக்குள்ள வந்து, நடுநிலைப்பள்ளி பக்கத்துல பழைய உரக்கடை கட்டடத்துல உக்காந்துருச்சு.

மறியல பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. ஒருநாள் வெயில்ல உக்காந்தோம், அதிகாரி வந்து "பாக்கோம்"னாரு, எந்திரிச்சோம், நாலு பேரு மேல கேசு விழுந்துச்சு. அவ்வளவுதாம்.

அடுத்தது கிராம சபை. நல்ல விசயந்தான், காசு செலவில்ல, வீட்டுப் பொம்பளைங்க மைக்க பிடிச்சு பேசுன ஒரே இடம் அதான். எங்களுக்கு மே 1 கூட்டம் கெடச்சுது. அப்ப பஞ்சாயத்துத் தலைவரே கெடையாது, 2016 அக்டோபரோட பதவிக்காலம் முடிஞ்சு எங்க மாவட்டத்துல 2021 அக்டோபர்லதான் எலெக்சன் நடந்துச்சு, நடுவுல தனி அலுவலர்தான். அவரு ஒண்ணும் சொல்லாம தீர்மானத்த நோட்டுல எழுதிக்கிட்டாரு. மறுநாளும் மத்தியானம் 12 மணிக்கு கடை சரியா தொறந்துச்சு. தீர்மானம் வேணாம்னு சொல்லல, மனுவோட வைக்க நல்ல பேப்பரு. அது மட்டும் வச்சு கடை நகராது. இப்ப மார்ச் 22, நவம்பர் 1 சேத்து வருசத்துக்கு ஆறு கூட்டம் இருக்கு, அதனால காத்துக் கெடக்க வேண்டியதில்ல.

கோர்ட்டு விசயத்துல நான் பெரிய ஆளு மாதிரி பேச முடியாது, ஐகோர்ட்டு மதுரை கிளை படி நான் ஏறல. எங்க ஊர் வக்கீல் தம்பி சொன்னத வச்சு சொல்லுதேன். ரிட்டு, அதான் அதிகாரிக்கு உத்தரவு போடச் சொல்லி ஐகோர்ட்டுல போடுற வழக்கு, போட்டா மொத கேள்வியே "அதிகாரிட்ட மனு குடுத்தீங்களா"ன்னுதான் வரும், குடுத்திருந்தா "இத்தன வாரத்துக்குள்ள பரிசீலிச்சு முடிவு பண்ணுங்க"ன்னு அனுப்புறது நெறைய நடக்குமாம். ஆக சுத்தி சுத்தி மனுகிட்டதான் வந்து நிக்கணும். மனுவ கெடப்புல போட்டா அப்ப கோர்ட்டுக்குப் போலாம்னு விட்டுட்டோம், போக வேண்டி வரல.

எங்களுக்குக் கைகுடுத்தது மனுதான், அதுவும் அளந்து குடுத்த மனு. மது மாநில அரசு அதிகாரத்துல வர விசயம், 1937ல சேலத்துல ஆரம்பிச்ச மதுவிலக்கு சட்டம் இன்னும் இருக்கு, இந்தக் கடை நடக்குறதே அந்த மதுவிலக்கு சட்டத்துக்குக் கீழ போட்ட 2003 விதிகள் படிதான், இத யார்ட்ட சொன்னாலும் சிரிக்காங்க. அந்த விதியில 8ஆவது விதி: மாநகராட்சி, நகராட்சின்னா 50 மீட்டர், மத்த எடம்னா 100 மீட்டர், கோயிலு பள்ளிக்கூடத்துல இருந்து அதுக்குள்ள கடை இருக்கப்படாது. ஆனா கடைக்குப் பொறவு வந்த கோயிலோ பள்ளிக்கூடமோ கணக்குல வராது. ராத்திரியோட ராத்திரியா சுடலைக்கு பீடம் கட்டி கொடை குடுத்தாலும் செல்லாது. எங்க ஊர்ல நாலு இளவட்டம் செங்கலே வாங்கிட்டு வந்துட்டானுவ, நாங்கதான் தடுத்தோம். பள்ளிக்கூடம் எங்க தாத்தா காலத்துது, அதையே பிடிச்சுக்கிட்டோம்.

அளவுலதான் கூத்து. பள்ளிக்கூடத்து மெயின் கேட்டுல இருந்து அளந்தா 112 மீட்டர், போச்சுன்னு நெனச்சோம். அப்பதான் எங்க அத்த சொல்லிச்சு, "ஏல, பிள்ளைய எல்லாம் கெணத்து பக்கத்து வாசல்லல்லா போவுது"ன்னு. அங்கன இருந்து ஜனங்க நடக்குற தடத்துல, அத்த ஒரு முனைய பிடிச்சுக்கிட்டு நிக்க, கொத்தனார்ட்ட வாங்குன 30 மீட்டர் டேப்ப மூணு தடவ போட்டு அளந்தோம், 87 வந்துச்சு. நடுவுல ஒரு கருவேல மரம், அதச் சுத்துன அளவையும் சேத்துத்தான். கையால படம் வரைஞ்சு, ரெண்டு வாசலையும் போட்டோ எடுத்து, அந்த வாசல் எத்தன வருசமா இருக்குன்னு தலைமை ஆசிரியர்ட்ட எழுதி வாங்கி, திங்கக்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் நாள்ல குடுத்தோம். கையெழுத்து 200க்கு மேல இருந்துச்சு, ஆனா பேசுனது அந்த 87தான். மனு பொறவு கைமாறிப் போன ஒரு ஆபீஸ்ல பேப்பரையே காணோம்னாங்க, ரசீது நம்பர் இருந்ததால தப்பிச்சோம். ரசீத மட்டும் தொலைச்சிராதீங்க. ஆள் வந்து அளந்தாங்க, அவங்களுக்கும் 100க்குள்ளதான் வந்துச்சு.

இப்ப முக்கியமான சோலி. எதுல போனாலும் சரி, ஆர்டர்ல 'மூடல்'னு இருக்கா 'இடமாற்றம்'னு இருக்கான்னு பாருங்க. எங்களுக்கு இடமாற்றந்தான். கடை நம்பர் அப்படியே இருக்கும், கட்டடம் மட்டும் மாறும். அதனால ஊருக்குள்ள வாடகைக்குக் குடுக்குற மாதிரி இருந்த மூணு கட்டடத்துக்காரங்க வீட்டுக்கும் போனோம். ஒருத்தரு வாடகை நல்லா வரும்னு மொதல்ல பிகு பண்ணுனாரு, அவரு வீட்டம்மாதான் முடிச்சு வச்சாங்க. நாங்க செஞ்சதுல உருப்படியானது டேப்பும் இந்த மூணு வீடுந்தான்.

கடைய எடுத்தா கள்ளச்சாராயம் வரும்னு அண்ணாச்சிமாரு சொல்லுதாங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயத்துல 60 பேருக்கு மேல செத்தாங்க, அந்தப் பக்கம் அரசாங்க கடை இல்லாமலா இருந்துச்சு? அது வேற நோய், போலீசு பாக்க வேண்டியது.

சரி மாப்ள, இத ஒளிச்சு வைக்கல. எங்க ஊர்ல தூக்குன கடைதான் உங்க ஊர் ஓடைக்கரையில வந்து உக்காந்தது. 2023 ஜூன்ல 500 கடை மூடுனப்ப லிஸ்ட்ல வரும்னு நானும் பாத்தேன், வரல. உங்க புது இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் கடைக்குப் பொறவு வந்தது, அத நம்பாத. பழைய துவக்கப்பள்ளிக்கு ரோட்டு வழியா அளந்து 130ன்னு சொன்னியே, ஓடைத் தடத்துல பிள்ளைய நடக்காங்களான்னு பாரு, அதுல அளந்து பாரு. டேப்பு எங்க வீட்டுலதான் கெடக்கு, ஞாயித்துக்கிழமை வா, அத்தையையும் கூட்டிட்டு வாரேன்.