நான்கு ஆண்டுகளாக ஒரே மாற்றி: ‘உயர் தரம்’ என்ற பெயரை நம்பியதன் விலை

வீடியோக்களை மாற்ற எந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள், அதில் எந்த ப்ரீசெட்டை, அதாவது முன்கூட்டியே அமைத்துத் தரப்பட்ட அமைப்புகளின் தொகுப்பை, தேர்ந்தெடுப்பது என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். எனக்கு முடியவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு ஆண்டுகளில் இந்த மாற்றி ஒருமுறைகூட நடுவில் நின்றதில்லை. இரவில் 40 கோப்புகளை வரிசையில் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் 40-ம் தயாராக இருக்கும். விளம்பரத் தொல்லை கிடையாது. எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் திறக்கிறது.

என் கோபமெல்லாம் அந்த ப்ரீசெட் பட்டியலின் மேல்தான். அதில் ‘உயர் தரம்’ என்று ஒன்று இருக்கிறது, பெயரின் கடைசியில் 30 என்ற எண்ணோடு. அந்த எண்ணை நான் பொருட்படுத்தவில்லை. மகள் முதன்முதலாக நீச்சல் குளத்தில் குதித்ததை நொடிக்கு 60 ஃபிரேம் (தனித்தனிப் படம்) வேகத்தில் எடுத்திருந்தேன். அதை இந்த ப்ரீசெட்டில் மாற்றினேன். கோப்பு சிறியதாயிற்று, படமும் தெளிவாகவே தெரிந்தது. இடம் வேண்டுமென்று மூலக் கோப்பை அழித்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து அதைப் பாதி வேகத்தில் ஓட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தண்ணீர் தெறிப்பது தத்தித் தத்தி நகர்ந்தது. 60 ஃபிரேம்கள் அப்படியே இருந்திருந்தால் பாதி வேகத்திலும் நொடிக்கு 30 கிடைத்திருக்கும், கண்ணுக்கு உறுத்தாது. ப்ரீசெட் அதை 30 ஆக வெட்டிவிட்டதால் மிஞ்சியது 15. மூலத்தில் 60 இருப்பதை அந்த மென்பொருளே தன் தகவல் பெட்டியில் காட்டுகிறது. தெரிந்துகொண்டே ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லாமல் பாதியைத் தூக்கி எறிவதற்கு ‘உயர் தரம்’ என்று பெயரா?

ஆடியோவிலும் இதே கதைதான். அப்பாவின் குரல் பழைய கைப்பேசியில் ஏஎம்ஆர் என்ற குரல் பதிவு வடிவத்தில் பதிவாகியிருந்தது. பத்து நிமிடம், ஒரு எம்பிகூட இல்லை. ‘உயர் தரம்’ எம்பி3 ப்ரீசெட் அதை நொடிக்கு 320 கிலோபிட் என்ற பிட்ரேட்டில் 24 எம்பியாக ஊதிக் கொடுத்தது. குரல் ஓர் இழைகூடத் தெளியவில்லை. தெளியவும் முடியாது. அந்தப் பதிவில் நொடிக்கு 8000 ஒலி மாதிரிகள்தான் எடுக்கப்பட்டிருக்கின்றன, அந்த எண்ணில் பாதியான 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியே அதில் கிடையாது. அளவைக் குறைக்கத் தரவில் கொஞ்சத்தைக் கைவிடும், இழப்புள்ள ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது இருப்பதும் கொஞ்சம் தேயும். நல்லவேளையாக இந்த மூலக் கோப்பை நான் அழிக்கவில்லை.

இப்போது ப்ரீசெட்டைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஃபிரேம் வேகத்தை ‘மூலத்தில் உள்ளபடி’ என்று மாற்றுவேன். தர எண்ணை எச்.264 என்ற வீடியோ சுருக்க முறைக்கு 20-ல் வைப்பேன். இந்த எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும், ஏறக்குறைய 6 கூட்டினால் அளவு பாதியாகிவிடும். அதற்கு அடுத்து வந்த எச்.265-ல் இதே எண்ணுக்கு இதே பொருள் இல்லை, அதற்குத் தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஆடியோ ஏற்கெனவே ஏஏசி என்ற ஒலி வடிவத்தில் இருந்தால் தொடாமல் அப்படியே கடத்திவிடுவேன். இவற்றை என் பெயரில் ஒரு ப்ரீசெட்டாகச் சேமித்த பிறகு இரண்டு ஆண்டுகளாகச் சிக்கல் இல்லை.

பல நேரம் மாற்றவே தேவையில்லை என்பதையும் தாமதமாகத்தான் கற்றேன். எம்கேவி கோப்புக்குள் இருப்பது எச்.264 வீடியோவும் ஏஏசி ஆடியோவும் என்றால், இரண்டையும் சேர்த்து வைத்திருக்கும் உறையை மட்டும் எம்கேவியிலிருந்து எம்பி4 ஆக மாற்றினால் போதும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் அதைச் சில நொடிகளில் செய்துவிடுகிறது, தரத்தில் ஒரு துளியும் குறையாது. என் மாற்றியில் அந்த வசதியே இல்லை. ஒவ்வொரு முறையும் படம் முழுவதையும் மறுபடி அரைத்துத்தான் கொடுக்கும்.

இத்தனைக்கும் இன்றுவரை அதை நான் விடவில்லை. இதை எழுதும்போதுகூட 17 கோப்புகள் வரிசையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் நண்பரிடம் “வேண்டாம்” என்றே சொன்னேன். இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் என்று அவர் கேட்டபோது, மகள் குளத்தில் குதிக்கும் அந்த வீடியோவைப் பாதி வேகத்தில் ஓட்டிக் காட்டினேன்.