எஞ்சின் விளக்கு எரிந்தால்: அணைப்பதா, படிப்பதா, ஒர்க்‌ஷாப்பில் விடுவதா?

டேஷ்போர்டில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரிந்து அணையாமல் நின்றால், வண்டி வைத்திருப்பவர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. கண்டும் காணாததுபோல் ஓட்டிக்கொண்டிருக்கலாம்; பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டியோ, வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் கொண்டோ விளக்கை அணைத்துவிடலாம்; பிழைக் குறியீட்டைத் தாமே படித்துப் பார்க்கலாம்; அல்லது நேராக ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விடலாம். இவற்றைச் செலவை வைத்து ஒப்பிடுவதுதான் வழக்கம். நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் வேறு. விளக்கு எரியக் காரணமான பழுதைப் பற்றி எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி ஒரு பதிவை எழுதி வைக்கிறது. அந்தப் பதிவை ஒவ்வொரு வழியும் என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தே பிற்பாடு ஆகும் செலவு கூடுவதும் குறைவதும் இருக்கிறது.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. சிலிண்டரில் எரியாத பெட்ரோல், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று அதற்குப் பொருள். அந்த வெப்பத்தில் கன்வெர்ட்டரின் உள்ளிருக்கும் பீங்கான் கூடு உருகிவிடக்கூடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்திய பின் மின்னுவது நின்று விளக்கு நிலையாக எரிந்தால், அருகிலுள்ள ஒர்க்‌ஷாப் வரை மெதுவாகப் போகலாம். மின்னுவது தொடர்ந்தால் வண்டியை ஓரங்கட்டி இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்வதுதான் சரி. ஆயில் அழுத்தம், எஞ்சின் வெப்பம் ஆகியவற்றுக்கான சிவப்பு விளக்குகள் எரிந்தாலும் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். இனி நான் சொல்வதெல்லாம் நிலையாக எரியும் மஞ்சள் விளக்கைப் பற்றியது.

காத்திருந்து ஓட்டுவது, பலர் நினைப்பதைப்போல் அவ்வளவு பொறுப்பற்ற வழி அல்ல. பெரும்பாலான பழுதுகளை இந்த அமைப்பு அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கண்டு உறுதிசெய்த பிறகே விளக்கை எரியவிடுகிறது. அதேபோல், தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் அந்தப் பழுது தென்படாவிட்டால் விளக்கைத் தானே அணைத்தும்விடுகிறது. பெட்ரோல் டேங்க் மூடி சரியாகப் பொருந்தாததால் எரிந்த விளக்கு, மூடியை ‘டிக்’ என்று சத்தம் வரும்வரை திருகிய பிறகு சில நாட்களில் அணைந்துவிடுவது இப்படித்தான். பதிவுக்கும் இந்த வழியில் உடனடி ஆபத்தில்லை. விளக்கு அணைந்த பிறகும், எஞ்சின் குளிர்ந்து மீண்டும் சூடாகும் சுழற்சிகள் சுமார் 40 ஆகும்வரை குறியீடு நினைவகத்தில் தங்கியிருக்கும். ஆனால், நூற்றுக்கணக்கான குறியீடுகளுக்கும் இருப்பது இந்த ஒரே விளக்குதான். ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் விளக்கு, மின்னத் தொடங்கினால் தவிர, அடுத்து வரும் பெரிய பழுதை நமக்குத் தெரிவிக்காது. ஆகவே, குறியீடு என்னவென்று தெரிந்துகொண்டு காத்திருப்பதும், தெரியாமல் காத்திருப்பதும் ஒன்றல்ல.

நான்கில் மிக மோசமானது, காரணம் தெரியுமுன் விளக்கை அணைப்பது. ஸ்கேனரில் அழிக்கும் பொத்தானை அழுத்தினால் குறியீட்டோடு சேர்ந்து ‘ஃப்ரீஸ் ஃபிரேம்’ எனப்படும் பதிவும் போய்விடுகிறது. பழுது பதிவான கணத்தில் எஞ்சினின் சுழற்சி வேகம் என்ன, சுமை எவ்வளவு, கூலன்ட் வெப்பம் எவ்வளவு, வண்டி எந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தது என்பதையெல்லாம் ஒருசேரப் பிடித்து வைத்திருக்கும் பதிவு அது. சம்பவ இடத்தைக் கழுவிவிட்டுப் போலீஸைக் கூப்பிடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பேட்டரியைக் கழற்றும் பழைய வைத்தியத்தில் இந்த இழப்போடு வேறு தொல்லைகளும் உண்டு: எரிபொருளை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ செலுத்துவது என்று எஞ்சின் கணினி கற்று வைத்திருந்த ‘எரிபொருள் திருத்த’ அளவுகள் போய், சில நாட்களுக்கு ஐடிலிங் சீராக இல்லாமல் போகலாம், பல புதிய வண்டிகளில் குறியீடுகள் மின்சாரம் இல்லாமலும் நிலைக்கும் நினைவகத்தில் இருப்பதால், இத்தனைக்குப் பிறகும் விளக்கு அணையாமலே இருக்கலாம். புகைச் சோதனைக்கு முன்னால் விளக்கை அணைத்துக்கொண்டு போகலாம் என்ற தந்திரமும், கணினியைப் படித்துப் பார்க்கும் சோதனைகளில் எடுபடாது. அழித்தவுடன் சுயபரிசோதனைகள் எல்லாம் ‘முடியவில்லை’ என்ற நிலைக்குத் திரும்பிவிடுவதால், அண்மையில் யாரோ நினைவகத்தைத் துடைத்திருக்கிறார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும்.

குறியீட்டைத் தாமே படிப்பது இன்று எளிது. அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டு முதலும், ஐரோப்பாவில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும், டீசல் கார்களுக்கு 2004 முதலும் கட்டாயமாக்கப்பட்ட பொது முறையின்படி, ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஓர் இணைப்பி இருக்கும். அதில் மாட்டும் கருவிகள் இரண்டு வகை. கைபேசியோடு புளூடூத்தில் பேசும் சிறு டாங்கிள் விலை குறைவு. நல்ல செயலியோடு சேர்ந்தால் எஞ்சின் ஓடும்போதே மாறும் அளவுகளையும் காட்டும். ஆனால் போலிகள் மலிந்த பண்டம் அது. மாட்டியபடியே பல நாள் விட்டுவைத்தால் பேட்டரியையும் இறக்கிவிடக்கூடும். தனித் திரையுள்ள கையடக்க ஸ்கேனருக்குக் கைபேசி தேவையில்லை, இணைப்பும் அறுந்துபோகாது. ஆயினும் அதன் மலிவான மாடல்கள் குறியீட்டைக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. எதை வாங்கினாலும், ஃப்ரீஸ் ஃபிரேமையும் ஓடும் அளவுகளையும் காட்டுமா என்று பார்த்து வாங்க வேண்டும். என்னைக் கேட்டால், அவை இல்லாத கருவி பாதிக் கருவிதான்.

காரணம், குறியீடு ஓர் அறிகுறியைச் சொல்லுமே தவிர, எந்தப் பாகத்தை மாற்றுவது என்று சொல்லாது. பி0171 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்வோம். கலவையில் காற்று மிகுந்து எரிபொருள் குறைந்திருக்கிறது என்பதே அது சொல்வது. இதைப் பார்த்தவுடன், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுபவர்கள், உண்மையைச் சொன்ன சென்சாரையே தண்டிக்கிறார்கள். எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, நீண்டகால எரிபொருள் திருத்த அளவைத் திரையில் பார்க்க வேண்டும். வழக்கமாகக் கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் நிற்கவேண்டிய அது, 20-க்கு மேல் ஏறி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஆக்சிலேட்டரை அழுத்தி நிமிடத்துக்கு 2,500 சுழற்சியில் பிடித்து, நொடிக்கு நொடி மாறும் குறுகியகாலத் திருத்தத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். மொத்தம் இயல்புக்கு அருகில் இறங்கினால், கணக்கில் வராத காற்று எங்கோ கிழிந்த குழாய் வழியே நுழைகிறது என்று சந்தேகிக்கலாம்; ஐடிலிங்கில்தான் அந்தக் காற்றின் பங்கு பெரிது. மாறாக, சுமை கூடக்கூட அளவும் ஏறினால், ஃபியூவல் பம்ப், ஃபில்டர், அழுக்கேறிய காற்றளவு சென்சார் ஆகியவற்றின் பக்கம் கவனத்தைத் திருப்பலாம். ஒரே குறியீடுதான், பார்க்கவேண்டிய இடங்கள் வேறு வேறு.

முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் ‘மிஸ்’ ஆவதைக் குறிக்கும் பி0301 இதைவிட எளிது. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் அதன் இக்னிஷன் காயிலை இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றி ஓட்டும்போது குறியீடு பி0302 ஆக மாறினால், பழுது காயிலில்தான். கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததாகச் சொல்லும் பி0420 விஷயத்தில்தான் அவசரம் கூடாது. சைலன்சர் குழாயின் முன்பகுதியில் இருக்கும் கசிவும் அதே குறியீட்டைத் தரக்கூடும், புதிய கன்வெர்ட்டரோ வண்டியின் விலையுயர்ந்த பாகங்களுள் ஒன்று.

ஒர்க்‌ஷாப்பிலும் இரண்டு வகை உண்டு. தயாரிப்பு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில், பொது ஸ்கேனர்களால் எட்ட முடியாத குறியீடுகளையும் படிக்கும் கருவியும், கணினி மென்பொருளைப் புதுப்பிக்கும் வசதியும் இருக்கும். வாரண்டி காலம் முடியாத வண்டிக்கு வேறிடம் தேடவே வேண்டாம். பாகத்தைத் திறந்து சரிசெய்வதைவிட முழுதாக மாற்றிவிடுவதே அங்கே வழக்கம் என்பது அதன் குறை. நல்ல தனி மெக்கானிக் வயர் வயராகச் சோதிப்பார், பழுது வராத பாகத்தைத் தொடமாட்டார். அப்படி இல்லாதவர், வண்டி வந்தவுடன் குறியீட்டை அழித்துவிட்டு “மறுபடி வந்தால் பார்க்கலாம்” என்பார். வாரண்டி முடிந்த வண்டிக்கு நான் தேர்வது தனி மெக்கானிக்கைத்தான், ஆனால் வெறுங்கையோடு போவதில்லை. குறியீடும் ஃப்ரீஸ் ஃபிரேமும் தெரியும் திரையைப் படமெடுத்து அவரிடம் காட்டிவிட்டே சாவியைக் கொடுப்பேன். எப்போதாவது மட்டும் தலைகாட்டும் பழுது ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் வண்டியில் பெரும்பாலும் வெளிப்படாது. அப்போது மெக்கானிக்குக் கிடைக்கும் ஒரே பிடி அந்தப் படம்தான்.

அழிப்பதற்கான நேரம் வேலை முடிந்த பிறகே வருகிறது. அழித்தபின் சில நாட்கள், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவதும், நகர நெரிசலும், சீரான நெடுஞ்சாலை வேகமும் கலந்து வருமாறு ஓட்டிவிட்டு, சுயபரிசோதனைகள் முடிந்தனவா என்றும், விளக்கை எரியவிடும் அளவுக்கு இன்னும் உறுதிப்படாத நிலுவைக் குறியீடு ஏதேனும் இருக்கிறதா என்றும் ஸ்கேனரில் பார்க்க வேண்டும். பரிசோதனைகள் முடிந்து நிலுவையும் வெறுமையாக இருந்தால் பழுது தீர்ந்ததென்று எடுத்துக்கொள்ளலாம். பழைய குறியீடே நிலுவையில் வந்து நின்றால், விளக்கு மீண்டும் எரியும்வரை காத்திராமல் வண்டியை அதே மெக்கானிக்கிடம் திருப்பிக் கொண்டுபோகலாம்.