தொப்புள்கொடி இரத்தச் சேமிப்பு: திருகோணமலைக் கர்ப்பிணிகளும் வீட்டாரும் கையெழுத்து வைக்க முன் ஒருக்கால் வாசியுங்கள்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் மண்டபங்களில் "கர்ப்பிணித் தாய்மாருக்கான இலவச விழிப்புணர்வுக் கருத்தரங்கு" என்று அழைப்பிதழ் கொடுத்துத் திரிகிறார்கள். பகல் சாப்பாடு உண்டு. துவாய், பேபி சோப், பவுடர் போட்ட ஒரு பையும் கையில் தந்து அனுப்புவார்கள். போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், ஒன்றும் குறையாது. ஆனால் கடைசியில் மேசைக்கு வரும் படிவத்தில் அன்றைக்கே கையெழுத்து வைக்காதீர்கள். என் தங்கச்சி வைத்தாள். பிள்ளை பிறக்கும்போது தொப்புள்கொடியில் இருக்கும் இரத்தத்தை எடுத்து, பின்னுக்கு மருந்தாகும் என்று உறைய வைத்துச் சேமிக்கும் 350,000 ரூபா பக்கேஜ். முக்கால்வாசிக் காசு கட்டியாகிவிட்டது. கைக்கு வந்தது தங்க நிற ஓரம் போட்ட ஒரு சான்றிதழும் ஒரு பொய் அறிக்கையும்தான்.

முறைப்பாடு போய்க்கொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. கொழும்பில் காரியாலயம், சேமித்து வைக்கும் இடம் வெளிநாட்டில். நமது மாவட்டத்தில் வேலை செய்வது கொமிஷன் முகவர்கள்.

மச்சான் கட்டாரில். தங்கச்சிக்கு இது முதல் பிள்ளை. மண்டபத்தில் வெள்ளைக் கோட் போட்ட ஒருவர் படம் காட்டிப் பேசியிருக்கிறார். எண்பது நோய்க்கு மருந்து, ஓட்டிசம், நீரிழிவு, மூளை வாதம் என்று பட்டியல் நீண்டிருக்கிறது. எந்த வைத்தியசாலையில் வேலை செய்கிறார் என்று யாரோ கேட்டதற்கு, தான் நிறுவனத்தின் "ஆலோசகர்" என்றாராம். பிறகு முகவர் பிள்ளைகள் மேசை மேசையாக வந்து உட்கார்ந்து குடும்பத்து வருத்தங்களை விசாரித்திருக்கிறார்கள். மச்சானின் சொந்தத்தில், கந்தளாயில், ஒரு பிள்ளைக்குத் தலசீமியா; மாதாமாதம் இரத்தம் ஏற்றுகிறார்கள். தங்கச்சி அதைச் சொல்லிவிட்டாள்.

"அக்கா, அப்ப உங்களுக்கு இது கட்டாயம் வேணும். நாளைக்கு உங்கட பிள்ளைக்கு அந்த வருத்தம் வந்தா பிள்ளைட சொந்த ஸ்டெம் செல்லே மருந்து. ஒருத்தரிட்டயும் போய் நிக்கத் தேவையில்ல."

அந்த வார்த்தைக்குத்தான் அவள் கையெழுத்து வைத்தாள். அது சுத்தப் பொய்.

தலசீமியா மரபணுவில் வரும் கோளாறு. பிள்ளைக்கு அது இருந்தால் தொப்புள்கொடி இரத்தத்திலுள்ள ஸ்டெம் செல்லிலும், அதாவது இரத்தத்தை உருவாக்கும் மூலக் கலத்திலும், அதே கோளாறுதான் இருக்கும். அதை எடுத்துத் திரும்ப ஏற்றினால் அதே பழுதான இரத்தம்தான் மறுபடி ஊறும். சின்னப் பிள்ளைகளுக்கு வரும் லியூக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோயிலும் இதே சிக்கல் உண்டு. அந்த நோய்க்கு வழிவிடும் மாற்றம் பல பிள்ளைகளுக்குப் பிறக்கும்போதே இரத்தத்தில் இருந்தது கண்டறியப்பட்டிருக்கிறது. அதனால் வைத்தியர்கள் தேடுவது இன்னொருவரின் ஆரோக்கியமான கலங்களைத்தான். ஒரு பிள்ளைக்குத் தன் சொந்தத் தொப்புள்கொடி இரத்தம் எப்போதாவது தேவைப்படும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றிலிருந்து இரண்டு லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே வரை என்று மதிப்பீடுகள் இருப்பதாக அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகடமி 2007இல் எழுதியது. "உயிர்க் காப்புறுதி" என்று நினைத்துத் தனியாரிடம் சேமிப்பதை அந்த அகடமி ஊக்குவிப்பதில்லை. 2017இலும் அதையே சொன்னது. பக்கத்து இந்தியாவில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். இன்னும் வெளிப்படை: எதிர்காலத்தில் சொந்தப் பாவனைக்கு என்று சேமிக்க விஞ்ஞான அடிப்படை கிடையாது என்கிறது. ஓட்டிசம், மூளை வாதம் எல்லாம் ஆய்வு மட்டத்தில் நிற்கும் விடயங்கள். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. தொப்புள்கொடி இரத்தத்துக்கு அனுமதி கொடுத்திருப்பது இரத்தம் உருவாகும் தொகுதியைப் பாதிக்கும் நோய்களுக்குத்தான்.

தலசீமியாப் பயம் இருக்கும் வீட்டார் செய்ய வேண்டியது இதைவிட எவ்வளவோ மலிவான வேலை. கணவன் மனைவி இரண்டு பேரும் நோய்க்காவியா, அதாவது வருத்தம் வெளியே தெரியாமல் அந்த மரபணுவைச் சுமப்பவர்களா என்று இரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பேருமே காவி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குக் கடும் தலசீமியா வரும் வாய்ப்பு 25 வீதம். ஒருவர் மட்டும் காவி என்றால் அந்தக் கடும் வருத்தம் வராது. தங்கச்சி காவி இல்லை என்று சோதனையில் வந்தது. ஆனால் அது வந்தது காசு கட்டிய பிறகு. அந்த முகவர் பிள்ளைக்குக் கொஞ்சமாவது நெஞ்சில் ஈரம் இருந்திருந்தால் முதலில் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லியிருக்கும்.

விஞ்ஞானம் பொய்யில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 1988இல் பாரிஸில் வைத்தியர் எலியான் குளுக்மன் குழுவினர் ஃபான்கோனி இரத்தச்சோகை என்ற பரம்பரை நோயுள்ள ஒரு சிறுவனுக்கு உலகின் முதலாவது தொப்புள்கொடி இரத்த மாற்றுச் சிகிச்சையைச் செய்தார்கள். ஏற்றியது அவனுடைய சொந்த இரத்தத்தை அல்ல, புதிதாகப் பிறந்த தங்கச்சியின் கொடி இரத்தத்தை. அதற்குப் பிறகு உலகம் முழுவதும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றுகள் நடந்திருக்கின்றன. பெரும்பாலும் சகோதரம் கொடுத்தது, அல்லது முன்பின் தெரியாத ஒரு தாய் பொது வங்கிக்குத் தானமாகக் கொடுத்தது. பொது வங்கிக்குக் கொடுக்கத் தாய் காசு கட்டத் தேவையில்லை, பொருந்துகிற எந்த நோயாளிக்கும் அது போகும். நம் நாட்டு இரத்த வங்கி ஓடுகிற மாதிரித்தான். இரத்தம் கொடுக்கப் போகிற யாரும் "இது என் பிள்ளைக்கு மட்டும்" என்று பெயர் எழுதி வைத்துவிட்டு வருவதில்லையே. எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சைக்குத் தேவையான அளவு கறாரான பொருத்தம் கொடி இரத்தத்துக்குத் தேவையில்லை என்பதால், உலகப் பதிவேடுகளில் குறைவாக இருக்கும் நம்மைப் போன்ற தெற்காசியருக்குப் பொது வங்கி உண்மையிலேயே உதவக்கூடிய ஒன்று. இந்த நல்ல விடயத்தின் பெயரை வைத்துத்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள் என்பது எனக்குக் கூடுதல் கோபம்.

இனிப் பிரசவத்தன்று நடந்தது. "எந்த நேரம் வலி வந்தாலும் போன் பண்ணுங்கோ, பயிற்சி எடுத்த எங்கட ஆள் வருவார்" என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். தங்கச்சிக்கு வலி வந்தது வெசாக் போயா அன்று. முகவரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கொழும்பு ஹொட்லைனில் பதிவு செய்யப்பட்ட குரல். வெளியே டொக்யார்ட் வீதியில் தன்சலுக்கு நிற்கிற வாகன வரிசை, நான் ஒரு காதில் போனையும் மற்றக் காதில் விரலையும் வைத்துக்கொண்டு விடுதி வாசலில் நின்றேன்.

அவர்கள் தந்த பெட்டிக்குள் ஒரு இரத்தப் பை, ஊசி, குளிர்ப்பொதிகள், ஒரு அறிவுறுத்தல் தாள். தாளில் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதியிருந்தது: பிள்ளை பிறந்து 30 செக்கனுக்குள் கொடிக்குக் கிளாம்ப் போடவும். பெட்டியை வாங்கிய மூத்த மருத்துவமாது தாளை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளைக்குப் போற இரத்தத்தை மறிச்சுப் பையில பிடிக்கச் சொல்லுறாங்களா? அது நடக்காது தம்பி. துடிப்பு நிக்கட்டும், மிஞ்சினா எடுத்துத் தாறம்."

அவர் சொன்னதுதான் சரி. குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுத்துத்தான் கொடியைக் கட்ட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த நேரத்துக்குள் பிள்ளைக்குப் போகும் மேலதிக இரத்தம் முதல் ஆறு மாத இரும்புச்சத்துக்குக் கை கொடுக்கும். பையை நிரப்ப வேண்டும் என்பதற்காகப் பிள்ளையின் பங்கைக் குறைக்கும்படி ஒரு நிறுவனம் எழுதிக் கொடுக்கிறது, அதற்கு நாங்கள் காசும் கட்டுகிறோம். அன்றிரவு கடமையில் இருந்த இளம் வைத்தியர் இரக்கப்பட்டு மிஞ்சியதை எடுத்துப் பையில் அடைத்துத் தந்தார். அவருக்கு அது வேலையே இல்லை.

பிள்ளை பிறந்தது இரவு 10.20. அடுத்த நாளும் வெசாக் விடுமுறை. பெட்டி எங்கள் வீட்டு மேசையில் கிடந்தது. அதற்கடுத்த நாள் காலைதான் கூரியர் பொடியன் மோட்டார் சைக்கிளில் வந்தான். குளிர்ப்பொதிகள் தண்ணீராகிவிட்டன. அவன் ஒன்றும் பார்க்கவில்லை, பற்றுச்சீட்டைக் கிழித்துத் தந்துவிட்டுப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டான். இங்கிருந்து கொழும்புக்கு ரோட்டில் ஆறு ஏழு மணித்தியாலம், அங்கிருந்து விமானம். பொது வங்கிகளில் எடுத்த இரத்தத்தை 48 மணித்தியாலத்துக்குள் பதப்படுத்தி உறைய வைப்பார்கள். எங்கள் பெட்டிக்கு அந்தக் கெடு கடல் தாண்ட முன்னமே முடிந்திருக்கும்.

கொஞ்ச நாளில் அழகான அறிக்கை வந்தது. "வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது." நான் வங்கியில் வேலை செய்கிறவன், கடுதாசியை வாசிக்காமல் விடமாட்டேன். சேகரித்த நேரம் என்ற கட்டத்தில் கூரியர் வந்த அன்றைய திகதி, காலை 9.30. அதாவது பிள்ளை பிறந்து 35 மணித்தியாலத்துக்குப் பிறகு, தாயும் பிள்ளையும் வீட்டில் படுத்திருக்கும்போது, தொப்புள்கொடியிலிருந்து இரத்தம் எடுத்திருக்கிறார்கள்! பிறப்பு நேரம் எழுதிய வைத்தியசாலை அட்டை எங்கள் கையில் இருக்கிறது. நேரத்தை மாற்றினால்தான் 48 மணித்தியாலக் கணக்குக்குள் வரும், அதுதான் சங்கதி.

கீழே இன்னும் இரண்டு எண்கள். அளவு 34 மில்லிலீற்றர். கருவுள்ள கலங்களின் (ஸ்டெம் செல்லும் இவற்றுக்குள் அடக்கம்) மொத்தம் 18 கோடி. தங்கச்சி "கோடிக் கணக்கில இருக்கே அண்ணா" என்று சந்தோசப்பட்டாள். மாற்றுச் சிகிச்சைக்குப் பொதுவாகப் பார்க்கும் அளவு நோயாளியின் உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு இரண்டரைக் கோடி. 18 கோடியைப் பிரித்துப் பாருங்கள்: ஏழு கிலோ. ஆறேழு மாதப் பிள்ளைக்கு மட்டுமட்டாகக் காணும், அதுவும் உருக்கும்போது சாகும் கலங்களைக் கழிக்காமல். எஃப்.டி.ஏ. உரிமம் பெற்ற பொது வங்கி அலகுக்குக் குறைந்தபட்சமே 50 கோடி கேட்கிறார்கள். ஒரு பொது வங்கி இதைச் சேமிக்கவே எடுத்திருக்காது. இவர்களோ இதற்கும் வருடா வருடம் "சேமிப்புக் கட்டணம்" கேட்கிறார்கள்.

போன் எடுத்தேன். முதலில் முகவர்: "ஐயா, அது லாப் விசயம், எனக்குத் தெரியாது." பிறகு கொழும்பில் ஒரு மனேஜர்: அளவு குறைந்தது வைத்தியசாலையின் பிழை, தாமதம் கூரியரின் பிழை, நேரம் தட்டச்சுப் பிழை. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தோம். பதினோராம் பக்கத்தில், பதிவுக் கட்டணம் எக்காரணம் கொண்டும் மீளளிக்கப்படாது. மாதிரி பழுதானாலோ தொலைந்தாலோ நிறுவனத்தின் பொறுப்பு கட்டிய தொகையின் ஒரு சிறு பங்கோடு முடியும். வழக்கு என்றால் இன்னொரு நாட்டில். தமிழ்ப் பிரதி கிடையாது. மண்டபத்தில் பேச்சு முழுக்கத் தமிழ், கையெழுத்து வைத்த கடுதாசி முழுக்க ஆங்கிலம்.

தூரத்தில் இருக்கும் தாங்கிக்குள் என்ன நடக்கிறது என்று பெற்றோருக்குத் தெரிய வழியும் இல்லை. திரவ நைதரசனில் மைனஸ் 196 பாகையில் வைத்திருப்பதாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். சட்டம் இறுக்கமான சிங்கப்பூரிலேயே ஒரு தனியார் வங்கியின் ஏழு தாங்கிகளில் வெப்பநிலை அளவுக்கு மேலே போயிருந்ததை 2023 நவம்பரில்தான் அந்த நாட்டுச் சுகாதார அமைச்சு வெளியிட்டது. ஒரு தாங்கியில் மட்டும் ஏறக்குறைய 2,200 அலகுகள் பழுது. அங்கே கண்டுபிடிக்க ஓர் அமைச்சு இருந்தது. எங்கள் 34 மில்லிலீற்றரை யார் போய்ப் பார்ப்பது?

யாருக்காவது இது தேவைப்படாதா என்றால், தேவைப்படும். வீட்டில் ஏற்கனவே ஒரு பிள்ளைக்குத் தலசீமியாவோ, மாற்றுச் சிகிச்சையால் குணமாகக்கூடிய வேறு இரத்த நோயோ இருந்து, அடுத்த பிள்ளை வயிற்றில் இருந்தால் அந்தக் கொடி இரத்தத்தை எடுத்து வைப்பதில் அர்த்தம் உண்டு. சகோதரங்கள் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்று. அதையும் மண்டபத்தில் வைத்து முடிவு செய்ய வேண்டாம். அந்தப் பிள்ளையைப் பார்க்கிற வைத்தியரிடம், குருநாகல் தலசீமியா நிலையத்துக்குப் போகிறவர்கள் அங்கே, கேட்டுவிட்டு முடிவெடுங்கள். இப்போது பாதி பொருந்தும் தாய், தகப்பனின் கலங்களைக் கொண்டே மாற்றுச் சிகிச்சை செய்யும் முறையும் வளர்ந்துவிட்டது. கருத்தரங்கில் இதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள்.

கட்டாயம் கையெழுத்து வைக்கத்தான் வேண்டும் என்று நிற்கிறவர்கள் முகவரிடம் இதையாவது எழுத்தில் கேளுங்கள்: கலங்கள் இத்தனை கோடிக்குக் குறைந்தால் காசு முழுக்கத் திரும்புமா, போயா நாளில் திருகோணமலைக்கு யார் வருவார், இதுவரை எத்தனை அலகுகளைச் சிகிச்சைக்கு வெளியே கொடுத்திருக்கிறீர்கள். தங்கச்சியின் முகவரிடம் கடைசிக் கேள்வியை நான் கேட்டேன். "மேலிடத்தில கேட்டுச் சொல்லுறன் ஐயா" என்றார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் போல.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், பிந்த வேண்டாம். விபரம் கேட்க 1977. தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. வருடக் கட்டணத்தை நிறுத்திவிட்டோம். நிறுத்திய பிறகு "உங்கள் பிள்ளையின் எதிர்காலம் ஆபத்தில்" என்று தங்கச்சிக்கு எஸ்.எம்.எஸ். வருகிறது, அவற்றையும் அழிக்காமல் வைத்திருக்கிறோம். இதே கருத்தரங்குகளில் கையெழுத்து வைத்த குடும்பங்கள் மூதூர், கிண்ணியாப் பக்கமும் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் அறிக்கையில் சேகரித்த நேரம் என்ற கட்டத்தைப் பிள்ளையின் பிறப்பு நேரத்தோடு ஒத்துப் பாருங்கள். முரண்பட்டால் எனக்கு எழுதுங்கள்; எங்கள் முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம்.