பி.காமா, மாலை நேர டிப்ளமாவா, சி.ஏ. - சி.எஸ்.ஸா? வடசென்னையிலிருந்து வணிகச் சட்டம் படிக்க எது ஒத்து வரும்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு மொத்தத் துணிக்கடையில் பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். திரும்பி வந்த செக், கையெழுத்து இல்லாத டெலிவரி சலான், 'ஆடி கழித்துத் தருகிறேன்' என்று பின்பக்கம் எழுதிக் கொடுத்த பில், இதெல்லாம் நிரம்பிய மேஜை டிராயர் ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. வணிகச் சட்டம் என்று புத்தகங்களில் இருப்பதில் பாதி அந்த டிராயருக்குள் கிடக்கிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். ஒருத்தி எதிர்வீட்டுப் பெண், பிளஸ் டூ வணிகவியல் முடித்தவள். "அக்கா, சட்டம் சம்பந்தமா படிக்கணும். ஆனா வக்கீல் ஆகணுமான்னு இன்னும் தெரியல. எதுல சேரட்டும்?" இன்னொருவர் எங்கள் கடையிலேயே டெலிவரி பார்க்கும் தம்பி. வயது இருபத்தேழு, பிளஸ் டூவோடு நிறுத்தியவர். "அக்கா, நீங்க சாயங்காலம் போய்ப் படிச்சீங்களே, அது எனக்கு ஒத்து வருமா?" இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தால் யாராவது ஒருவருக்குக் கெடுதல் செய்திருப்பேன்.

முதலில் பி.காம். நம் பக்கத்தில் இதற்கு அலைய வேண்டியதில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி இருக்கிறது. 2021-லிருந்து அதன் பெயரிலேயே மெட்ரோ ஸ்டேஷனும் இருக்கிறது. வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி. பெண்களுக்குப் பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரி. அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம், கட்டணமும் மிகக் குறைவு. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பிளஸ் டூ வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். 2022 செப்டம்பரில் அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்த மேடையே பாரதி மகளிர் கல்லூரிதான். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-ல் வந்தது, அதுவும் 1000 ரூபாய். தொலைநிலைப் படிப்புக்கு இது கிடையாது.

ஆனால் மூன்று வருஷத்தில் சட்டத்துக்கு எவ்வளவு இடம்? வணிகச் சட்டம் ஒரு தாள், நிறுமச் சட்டம் (கம்பெனி சட்டம்) ஒரு தாள், சில இடங்களில் தொழிலாளர் சட்டமோ வரிச் சட்டமோ கூடுதலாக. மீதி முழுக்கக் கணக்கியலும் மேலாண்மையும். அந்த ஒரு தாளுக்குள் 1872 ஒப்பந்தச் சட்டம், 1930 சரக்கு விற்பனைச் சட்டம், நேரம் இருந்தால் 1932 கூட்டாண்மைச் சட்டம்.

குறைவாக இருந்தாலும் அங்கே ஒன்று நன்றாகக் கிடைக்கிறது. ஒரு விதி ஏன் அப்படி இருக்கிறது என்று யோசிக்க நேரம் கொடுக்கிறார்கள். மறுபயன் (ஒரு வாக்குறுதிக்குப் பதிலாகக் கிடைக்கும் பயன்) என்ற பாடத்தில் வரும் சின்னையா - ராமையா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாய் தன் மகளுக்கு நிலத்தை எழுதி வைக்கிறார், தன் உடன்பிறந்தவருக்கு வருஷாவருஷம் ஒரு தொகை கொடுத்துவர வேண்டும் என்ற நிபந்தனையோடு. மகளும் கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கிறார். பிறகு கொடுக்கவில்லை. "அம்மாவின் உடன்பிறந்தவரிடமிருந்து எனக்கு எதுவும் வரவில்லையே, மறுபயன் இல்லாத ஒப்பந்தம் எப்படிச் செல்லும்?" என்பது மகள் தரப்பு வாதம். மறுபயன் தாயிடமிருந்து வந்தாலும் போதும், கொடுத்தே ஆக வேண்டும் என்று 1882-ல் தீர்ப்பு. தீர்ப்பு சொன்னது நம் சென்னை உயர் நீதிமன்றம். மகனுக்குக் கடையை எழுதி வைத்து, 'தங்கச்சிக்கு மாசாமாசம் இவ்வளவு கொடு' என்று எழுதி வாங்குவது நம் தெருக்களில் இன்றும் நடக்கிற விஷயம்தானே. இந்த வழக்கை நிதானமாக ஒரு மணி நேரம் பேச ஒரு வாத்தியார் வேண்டும், கேட்க அவசரமில்லாத பிள்ளைகள் வேண்டும். அது பகல் கல்லூரியில்தான் நடக்கிறது.

குறை என்னவென்றால், காகிதம் கண்ணில் படுவதில்லை. எங்கள் கடைக்குப் புதிதாக வந்த பி.காம். பட்டதாரிகள் மூன்று பேரிடம் வங்கியின் ரிட்டர்ன் மெமோவை, அதாவது செக் ஏன் திரும்பியது என்று வங்கி தரும் சீட்டைக் காட்டியிருக்கிறேன். செக் என்றால் என்ன என்பதற்கு மூன்று பேரும் அழகாக விளக்கம் சொன்னார்கள். மெமோவை ஒருவரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

இனி மாலை நேர டிப்ளமா நடத்தும் சமுதாயக் கல்லூரி. நான் படித்தது இங்கேதான் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியாவில் இந்த ஏற்பாடு புதுச்சேரியில் 1995-ல் தொடங்கி அடுத்த வருஷமே சென்னைக்கு வந்தது. படிப்பை விட்டவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வேண்டியவர்கள், இவர்களுக்காகத்தான் இதை உருவாக்கினார்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ல் வந்த பிறகு பல சமுதாயக் கல்லூரிகள் அதன் அங்கீகாரத்தில் டிப்ளமா நடத்தின. 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் ஒரு திட்டம் கொண்டு வந்தது. அதில் சாதாரணக் கல்லூரிகளே தங்கள் வளாகத்துக்குள் ஆறு மாதச் சான்றிதழ், ஒரு வருஷ டிப்ளமா என்று நடத்தலாம்.

சட்டம் மட்டுமே படிக்கும் டிப்ளமா இங்கே அபூர்வம். நான் படித்தது கணக்கு, டேலி, ஜி.எஸ்.டி., அவற்றோடு வணிகச் சட்டம் ஒரு தாள். பி.காமிலும் ஒரு தாள், இங்கேயும் ஒரு தாள். வித்தியாசம் சொல்லித்தரும் விதத்தில் இருந்தது.

எங்களுக்கு வந்தவர் வங்கியில் ஓய்வு பெற்ற அதிகாரி. முதல் நாள் கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை. சுவரிலிருந்த தினசரி காலண்டரைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "மார்ச் 5-ஆம் தேதி செக் திரும்பின தகவல் உங்க கைக்கு வருது. பணம் கேட்டு நோட்டீஸ் எப்போ வரைக்கும் அனுப்பலாம், எண்ணுங்க" என்றார். நோட்டீஸுக்குச் சட்டம் தரும் முப்பது நாளைத் தாள் தாளாகப் புரட்டி எண்ணினோம். பாதிப் பேர் மார்ச் 5-ஐயும் சேர்த்து ஏப்ரல் 3 என்றோம். தகவல் வந்த நாளை விட்டுவிட வேண்டும், ஆக ஏப்ரல் 4 வரை முப்பது நாள். "சரி, மார்ச் 20 நோட்டீஸ் அனுப்பிட்டீங்க, அவருக்கு 24-ஆம் தேதி கிடைச்சிருச்சு. அப்புறம்?" பதினைந்து நாள் அவருக்கு அவகாசம், ஏப்ரல் 8-இல் முடிகிறது. அதற்குள் பணம் வரவில்லை என்றால் ஏப்ரல் 9-இல் வழக்குப் போடும் உரிமை பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதம், மே 9-க்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். 1881 மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவை அன்றைக்கு நாங்கள் விரலால் படித்தோம். நிரூபணமானால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையைப்போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

அந்த வகுப்பில் எனக்குத் தொண்டை அடைத்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் எங்கள் கடைக்கு 86,000 ரூபாய் செக் ஒன்று திரும்பி வந்து, மெமோ என் டிராயரிலேயே கிடந்து முப்பது நாள் தாண்டிப் போயிருந்தது. முதலாளி என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. சார் அடுத்து சொன்னது அதைவிட வலித்தது. செக்குக்கு மூன்று மாதம் ஆயுள். அதற்குள் மறுபடி வங்கியில் போட்டு, மறுபடி திரும்பினால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக முப்பது நாள் கணக்கு. எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-லேயே இதைச் சொல்லிவிட்டது. சென்னையிலிருந்து போன வழக்கு அது. எங்கள் செக்குக்கு அப்போது இன்னும் ஆறு வாரம் உயிர் இருந்தது. யாருக்கும் தெரியவில்லை. தகவல் கைக்கு வந்த நாளை மெமோவின் மேல் மூலையிலேயே எழுதி வைக்கும் பழக்கம் அன்றிலிருந்து எனக்கு வந்தது.

இன்னொரு நாள் தையல் யூனிட் வைத்திருந்த ஒரு அக்காவின் பில்லை வைத்துப் பாடம் நடத்தினார். உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் என்ன ஒப்புக்கொண்டிருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். 2006-ஆம் வருஷச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. எங்களைப்போல வாங்கி விற்கும் கடைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, தைத்துக் கொடுக்கும் அவருக்கு உண்டு. அந்த அக்கா முகத்தில் வந்த வெளிச்சம் இன்னும் நினைவிருக்கிறது.

குறையையும் மறைக்கக் கூடாது. இப்படிப் பாடம் நடத்த இப்படி ஒரு ஆள் கிடைக்க வேண்டும். இரண்டாம் பருவத்தில் அவர் உடல்நலம் இல்லாமல் நின்றுவிட்டார். இரண்டு மாதம் சட்ட வகுப்பே நடக்கவில்லை, கடைசியில் நோட்ஸ் நகல் கொடுத்து முடித்தார்கள். சான்றிதழ் கைக்கு வர எட்டு மாதம் ஆனது. கூட்டாண்மைப் பகுதியை நானாகத்தான் படித்தேன். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் தன் ஒப்பந்த உரிமைக்காக வெளியாள்மேல் வழக்குப் போட முடியாது என்ற 69-ஆம் பிரிவை நம் பக்கம் கூட்டாகத் தொழில் செய்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அது எங்கள் வகுப்பில் வரவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, டிப்ளமா என்பது பட்டம் ஆகாது. பட்டம் கேட்கும் அரசு வேலைக்கும் சட்டப் படிப்புக்கும் அது கதவைத் திறக்காது.

மூன்றாவது வழி சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) அல்லது சி.எஸ். (கம்பெனி செக்ரட்டரி). ஆழம் வேண்டுமென்றால் இதுதான். சி.ஏ. ஃபவுண்டேஷனில் வணிகச் சட்டம் தனித்தாள், 100 மதிப்பெண். ஒப்பந்தம், சரக்கு விற்பனை, கூட்டாண்மை, நிறுமச் சட்டம், செக் சட்டம் எல்லாம் ஒரே தாளில். கேள்வியே ஒரு சம்பவமாக வரும். முடிவைச் சொல்லி, எந்தச் சட்ட விதியால் அப்படி என்று எழுத வேண்டும். தேற ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். 2024-லிருந்து ஆண்டுக்கு மூன்று முறை எழுதலாம். சி.எஸ்.ஸில் நுழைவுத் தேர்வு, எக்ஸிகியூட்டிவ், புரொஃபஷனல் என்று போகும்; முழுக்க நிறுமச் சட்டத்தைச் சுற்றியது, கூடவே நீண்ட பயிற்சிக் காலம்.

சிக்கல் மொழி. சி.ஏ. தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், இந்தியில் எழுதலாம். தமிழ் இல்லை. தமிழ் வழியில் 'முனைவு, ஏற்பு, மறுபயன்' (ஆங்கிலத்தில் ஆஃபர், அக்செப்டன்ஸ், கன்சிடரேஷன்) என்று படித்த பிள்ளை, விஷயம் தெரிந்தும் வாக்கியம் வராமல் தோற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளையை நாம் மக்கு என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு நிறுவனங்களின் தென்மண்டல அலுவலகங்களும் நுங்கம்பாக்கத்தில். கோச்சிங் பணம் தனி. பி.காமோடு சேர்த்துப் படிப்பவர்கள் உண்டு. வேலைக்குப் போய்க்கொண்டே தனியாகப் படித்து முடித்தவர் எனக்குத் தெரிந்த வட்டத்தில் யாரும் இல்லை.

வக்கீல் ஆவதற்கான எல்.எல்.பி.யைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று வருஷப் படிப்புக்குப் பட்டம் வேண்டும். பார் கவுன்சில் விதிப்படி வகுப்பு காலை 8-லிருந்து மாலை 7-க்குள்தான், ஆகவே வேலை முடித்துப் போகும் இரவு வகுப்பு கிடையாது. ஒரு காலத்தில் பாரிமுனையில் ஹைகோர்ட் பக்கத்திலேயே இருந்த அரசு சட்டக் கல்லூரி இப்போது புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் போய்விட்டது. பட்டறைப்பெரும்புதூர் போக ராயபுரத்துப் பிள்ளை திருவள்ளூர் வரை ரயிலேறி அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும்.

சரி, இருவருக்கும் என்ன சொன்னேன்? எதிர்வீட்டுப் பெண்ணிடம் பி.காமில் சேரச் சொன்னேன். வக்கீலா இல்லையா என்று தெரியாத வயதில் டிப்ளமா எடுத்தால் பின்னால் மனசு மாறும்போது வழி அடைபட்டிருக்கும். பட்டம் கையில் இருந்தால் எல்.எல்.பி., சி.எஸ். எல்லாமே திறந்திருக்கும். காகிதம் பார்க்காத குறைக்கு மருந்து எளிது. சனிக்கிழமை மதியம் என் டிராயரைத் திறந்து காட்டுகிறேன் என்றேன். பாரதிக்கும் வியாசர்பாடிக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். பிளஸ் ஒன், பிளஸ் டூ வணிகவியல் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டாம் என்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். ஒப்பந்தச் சட்டமும் நிறுமச் சட்டமும் அவ்வளவு தெளிவான தமிழில் வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

தம்பிக்கு மாலை நேர டிப்ளமா. அவருக்குச் சம்பளம் நிற்கக் கூடாது, அவர் கையாளும் காகிதத்துக்கு ஒரு வருஷத்தில் விடை வேண்டும். ஆனால் பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் பார்க்கச் சொன்னேன். போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, போன வருஷ மாணவர் ஒருவரின் சான்றிதழை வாங்கி அதில் எந்தப் பல்கலைக்கழகத்தின் முத்திரை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சட்டத் தாளுக்கு யார் வருகிறார், வெளியே என்ன வேலை செய்தவர் என்று பெயரோடு கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் சேராதே என்றேன். ஒரு இடத்தில் அப்படித்தான் மழுப்பினார்கள், எழுந்து வந்துவிட்டார். இன்னொரு இடத்தில் வக்கீல் குமாஸ்தாவாக முப்பது வருஷம் இருந்தவர் பாடம் எடுக்கிறாராம். அங்கே பணம் கட்டியாயிற்று.

வகுப்பு தொடங்க இன்னும் மூன்று வாரம். மாலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும் என்றால் ஆறு மணிக்குக் கடையை விட வேண்டும். முதலாளியிடம் நானே பேசினேன். தீபாவளி மாதத்தைத் தவிர மற்ற நாளில் விடுகிறேன் என்றிருக்கிறார். அந்த ஒரு மாத நோட்ஸை யாரிடம் வாங்குவது என்று தம்பி இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.