அலாரத்தை அணைத்துவிட்டு 46,000 வாங்கிப் போன சர்வீஸ்காரர்

கோவை கணபதியில் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு லேத், ஒரு விஎம்சி (புரோகிராம்படி தானே வெட்டும் மில்லிங் மெஷின்). விஎம்சி செகண்ட் ஹேண்டில் வாங்கியது, அதை ஓட்டும் கம்ப்யூட்டர் ஃபேனக் கம்பெனி கன்ட்ரோல். போன மாதம் அதை வைத்து என்னை ஒருவர் ஏமாற்றினார். ஏமாந்ததில் என் தப்பும் உண்டு.

வேலை என்னவோ சின்னதுதான். அலுமினிய பிளேட்டில் ஒரு ஸ்லாட் (நீளமான வெட்டு), இரண்டு முனையும் அரைவட்டம், அகலம் 24 மில்லிமீட்டர். கஸ்டமர் டிராயிங்கைத் திருத்தி 24.4 என்று அனுப்பினார். பட்டறையில் வேலை செய்யும் பையன் மெஷினிலேயே புரோகிராமை எடிட் செய்தான். ஓட்டினால் வலது முனை நன்றாகப் போனது, இடது முனைக்கு வந்ததும் நின்றுவிட்டது. திரையில் ‘பிஎஸ் 0020, ஓவர் டாலரன்ஸ் ஆஃப் ரேடியஸ்’. மறுநாள் டெலிவரி. மானுவலைப் புரட்டப் பொறுமை இல்லாமல், பக்கத்துப் பட்டறையில் கொடுத்த ஒரு நம்பருக்கு போன் போட்டேன்.

வந்தவர் புரோகிராமை ஒரு வரி கூடப் பார்க்கவில்லை. செட்டிங் பக்கத்துக்குப் போய் ஏதோ மாற்றினார். உடனே ‘எஸ்டபிள்யூ 0100’ என்று இன்னொரு அலாரம். “பாத்தீங்களா, அடுத்தடுத்து வருது. ஐ/ஓ போர்டு போயிடுச்சுங்க” என்றார். மெஷினின் சிக்னல்கள் வந்துபோகும் எலக்ட்ரானிக் பலகை அது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பாராமீட்டரை, அதாவது மெஷினின் உள் அமைப்பு மதிப்புகளை, மாற்றி எழுத அனுமதி கொடுத்தால் எந்த ஃபேனக்கிலும் அந்த அலாரம் வரும், திறந்து வைத்திருக்கிறாய் என்று மெஷினே ஞாபகப்படுத்துகிறது, அவ்வளவுதான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

போர்டைக் கழற்றிக்கொண்டு போனார். மறுநாள் காலை கொண்டுவந்து மாட்டி, திரும்பவும் ஏதோ தட்டி, சைக்கிள் ஸ்டார்ட் அழுத்தினார். அலாரம் இல்லை, இடது முனை நிற்காமல் ஓடியது. போர்டு ரிப்பேர், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய், ரொக்கம். பில் கேட்டதற்கு “அப்புறம் அனுப்பறேங்க” என்றார்.

38 பீஸ் ஓட்டினோம். வெர்னியர் வைத்தால் அகலம் 24.4, நீளமும் சரி. பார்வைக்குக் கோடு, படி எதுவும் இல்லை. கஸ்டமர் சிஎம்எம்மில் (மைக்ரான் கணக்கில் வடிவத்தை அளக்கும் மெஷின்) வைத்துப் பார்த்துவிட்டு மொத்த லாட்டையும் திருப்பினார். இடது முனை அரைவட்டம் ஒரு பக்கம் 40 மைக்ரான் வெளியே, மறுபக்கம் 40 மைக்ரான் உள்ளே.

அப்போதுதான் நான் தொழில் பழகிய பழைய ஃபோர்மேன் அண்ணனைக் கூப்பிட்டேன். முதலில் கேட்டதே, “அலாரத்துக்கு முன்னாடி என்ன எழுத்துப்பா இருந்துச்சு?” என்றுதான். பிஎஸ் என்றேன். சிரித்துவிட்டார். பிஎஸ் என்றால் புரோகிராம் பக்கம். எஸ்வி என்றால் செர்வோ (அச்சுகளை நகர்த்தும் மோட்டார்), ஓ.டி. (OT) என்றால் நகரும் எல்லையைத் தாண்டியது, ஓஎச் என்றால் சூடு. பிஎஸ் 0020 வந்தால் போர்டைத் தொடவே வேண்டியதில்லை. வளைவு தொடங்கும் இடத்தில் ஒரு ரேடியஸ், முடியும் இடத்தில் வேறு ரேடியஸ் என்று அர்த்தம்.

நேரில் வந்து புரோகிராமைப் பார்த்தார். இடது முனையில் ஜி03 வரி, அதாவது வளைவாக வெட்டச் சொல்லும் வரி. ஒய் 12.2-இல் தொடங்கி மைனஸ் 12.2-இல் முடிகிறது, ஆனால் தொடங்கும் இடத்திலிருந்து மையம் எவ்வளவு தள்ளி என்று சொல்லும் ஜே இன்னும் மைனஸ் 12 என்றே இருந்தது. பையன் வலது முனையில் திருத்தியிருக்கிறான், இடதில் விட்டுவிட்டான். அதனால் தொடக்கத்தில் ரேடியஸ் 12, முடிவில் 12.4. ஜேயை மைனஸ் 12.2 ஆக்கினால் தீர்ந்தது. அரை நிமிட வேலை.

சரி, அப்படியென்றால் தப்பான வரியோடே அது எப்படி ஓடியது? அண்ணன் பாராமீட்டர் 3410-க்குப் போனார். அந்த ரேடியஸ் வித்தியாசத்தை எவ்வளவு வரை பொறுக்கலாம் என்ற அளவு அதில்தான் இருக்கிறது. மெஷின் வாங்கியபோது கார்டில் எடுத்து வைத்த பேக்கப்பில் 0.020. இப்போது 0. பூஜ்யம் போட்டால் மெஷின் அந்தச் சோதனையையே செய்யாது. 12-இல் தொடங்கி 12.4 வரை ரேடியஸைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துக்கொண்டே வெட்டிவிடும். படி விழாததும் வெர்னியரில் மாட்டாததும் அதனால்தான்.

போர்டையும் கழற்றிப் பார்த்தோம். ஓரத்தில் முந்தைய ஓனர் மார்க்கரில் எழுதிய தேதி அப்படியே இருந்தது. தூசி தட்டியிருந்தார், அது மட்டும் உண்மை.

பையனை நான் திட்டவில்லை. எடிட் செய்தவன் தவறுவான், மெஷின் அதைப் பிடித்து நிறுத்தியும் விட்டது. நிறுத்திய மெஷினின் வாயைப் பணம் கொடுத்து அடைத்தவன் நான். அந்த சர்வீஸ்காரர் இப்போது என் போனை எடுப்பதில்லை, கையில் பில்லும் இல்லை.

உங்கள் பட்டறைக்கும் யாராவது வந்து, புரோகிராமைப் பார்க்காமலே போர்டு என்று சொன்னால், பாராமீட்டர் பக்கத்தைத் திறக்கும்போது கூடவே நில்லுங்கள். எந்த நம்பர், பழைய மதிப்பு என்ன, புதிய மதிப்பு என்ன என்று போனில் படம் எடுங்கள். ஏற்கெனவே யாராவது வந்து ‘சரிசெய்து’ போயிருந்தால், இன்றைக்கே 3410-ஐ ஒரு தடவை பாருங்கள்.